தனியாக வரும் பெண்ணுக்கும் ஒரு கதிரை போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு நகரில் கடந்த சில வருடங்களுக்குள் புதுசு புதுசாக எத்தனையோ சாப்பாட்டுக்கடைகள் வந்துவிட்டன. கண்ணாடிக் கதவு, ஏசி, கலர் கலரான லைட், வாசலில் மோட்டார் சைக்கிள் வரிசை என்று பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் பகல் ஒரு மணிக்குப் பசியோடு தனியாக வரும் ஒரு பெண், உள்ளே போய், ஒரு கதிரையில் இருந்து, நாலு பேர் திரும்பிப் பார்க்காமல் சோறோ இடியப்பமோ சாப்பிட்டுவிட்டு எழும்பி வரக்கூடிய கடை எது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கூட வேலை செய்கிறவர்களிடமும் கேட்டுப் பார்த்தேன். எல்லோரும் பார்சல் எடுக்கும் கடைகளின் பேரைத்தான் சொன்னார்கள். இது பெரிய விசயமா என்று சிலர் நினைக்கலாம். எனக்கு இது பெரிய விசயம்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், இடம் இருந்தால் முழுதாகப் போடுங்கள்.

வேலை தொடர்பான ஒரு பயிற்சிக்காக ஜப்பானில், நாகானோ மாகாணத்து மட்சுமோட்டோ என்ற ஊரில் ஒரு குளிர்காலம் இருந்தேன். நடு ஊரில் கறுப்பு நிறத்தில் ஒரு பழைய கோட்டை, சுற்றிவர மலை, மலை முழுக்கப் பனி. அந்த மாகாணம் சொபா நூடில்ஸுக்குப் பேர்போனது. சொபா என்பது ஒரு பயிர், அதன் விதையை அரைத்து வரும் மாவில்தான் அந்த நூடில்ஸ் செய்கிறார்கள். நெல் சரியாக வராத குளிர்ந்த மலைக்காணிகளில், வளம் குறைந்த மண்ணிலும் அது வரும். விதைத்து இரண்டரை மாதமளவில் அறுத்துவிடலாம். வெள்ளைப் பூ பூக்கும், விதை முக்கோணமாகக் கறுத்திருக்கும். ஆங்கிலத்தில் பக்வீட் என்கிறார்கள் என்பதால் கோதுமை இனம் என்று நினைக்க வேண்டாம், நெல், கோதுமை, குரக்கன் போல அது புல் குடும்பமே இல்லை.

நான் தங்கியிருந்த இடத்துக்குப் பக்கத்துத் தெருவில் வயதான ஒரு கணவனும் மனைவியும் நடத்திய சொபா கடை இருந்தது. வாசலில் நீலத் துணி தொங்கினால் கடை திறந்திருக்கிறது, துணியை உள்ளே எடுத்துவிட்டால் அன்றைக்கு முடிந்தது. பல நாட்களில் பகல் இரண்டு மணிக்கே எடுத்துவிடுவார்கள், ஏனென்றால் விடியக்காலை குழைத்த மா அத்தோடு தீர்ந்துவிடும், தீர்ந்த பிறகு வேறு எதையாவது வைத்து ஒப்பேற்றும் பழக்கம் அவர்களிடம் இல்லை. உள்ளே குசினியைப் பார்த்தபடி ஒரு நீளப் பலகை, அதன் முன்னால் ஆறேழு கதிரை, சுவரோரம் இரண்டு சின்ன மேசை. அவ்வளவுதான் கடை. எங்கள் ஊரில் பலசரக்குக் கடைக்குக்கூட இதைவிட இடம் அதிகமாக இருக்கும்.

முதல் நாள் கதவைத் தள்ளும்போது எனக்குக் கை கூசியது, உண்மையைச் சொல்கிறேன். மொழி தெரியாது, நிறம் வேறு, தனிய வேறு. அந்த அம்மா எத்தனை பேர் என்று கேட்டார், நான் ஒரு விரலைக் காட்டினேன். பலகையில் ஒரு கதிரையைக் கையால் காட்டினார், சூடான ஈரத்துவாய் ஒன்றும் ஒரு கப் தேத்தண்ணியும் கொண்டுவந்து வைத்தார், பிறகு தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். ‘வேற யாரும் வருவாங்களா’ என்று கேட்கவில்லை. உள்ளே ஒரு மறைப்பான இடம் இருக்கிறது, அங்கே போய் இருங்கள் என்று அனுப்பவில்லை. எனக்கு இந்தப் பக்கத்தில் எண்பது வயது மதிக்கத்தக்க ஒரு ஆச்சி சந்தைப் பையைக் காலடியில் வைத்துவிட்டு மும்முரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அந்தப் பக்கத்தில் அலுவலக உடுப்பில் ஒரு பெண், அதற்கங்கால் தலையில் துவாய் கட்டிய கட்டட வேலை ஐயா ஒருவர். நாலு பேரும் தனித்தனியாக வந்தவர்கள், நாலு பேரும் ஒரே பலகையில், ஒருவரை ஒருவர் கவனிக்கவில்லை. அந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் நிம்மதி அந்தக் கதிரையில்தான் கிடைத்தது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அந்தக் கடைக்காரருக்குச் செய்யும் அநியாயம். பெரிய அகன்ற கிண்ணத்தில் மாவைக் கொட்டி, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து விரல் நுனியால் பிரட்டி, பிறகு உருட்டித் திரட்டி, நீளமான உருளைக்கட்டையால் தாள் மாதிரி மெல்லிசாகப் பரத்தி, மடித்து, அகலமான ஒரு கத்தியால் ஒரே அளவில் வெட்டிக்கொண்டே போவார். சொபா மாவில் கோதுமையில் இருக்கும் பசைத்தன்மை கிடையாது, அதனால் எட்டுப் பங்கு சொபாவுக்கு இரண்டு பங்கு கோதுமை மா சேர்ப்பது வழமை, கோதுமையே சேர்க்காமல் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், அதற்குக் கை நல்லாகப் பழகியிருக்க வேண்டும். (கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் சொபா என்றால் பயமில்லை என்று நம்பிச் சாப்பிட வேண்டாம், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். சிலருக்குச் சொபாவே கடுமையான ஒவ்வாமையைக் கொடுக்கும், அதனால் ஜப்பானில் பொதி செய்த உணவுகளில் சொபா இருந்தால் அதைக் குறிப்பிட்டே ஆகவேண்டும் என்பது சட்டம்.) கொதிக்கும் தண்ணீரில் ஒரு நிமிசமளவில் அவித்து, உடனே குளிர்ந்த தண்ணீரில் அலசி, மூங்கில் தட்டில் வைத்துத் தருவார். சாம்பல் நிறம், கொஞ்சம் சொரசொரப்பு, மென்றால் வறுத்த தானிய மணம் வரும்.

தொட்டுச் சாப்பிட ஒரு சின்னக் கோப்பையில் கறுத்தத் தண்ணிச் சாறு. சோயா சோஸ், மிரின் என்ற இனிப்பான அரிசி மது, இவற்றோடு கடற்பாசியும் காய்ந்த மீனும் போட்டு இறக்கிய சாறு சேர்ந்தது அது. அந்தக் காய்ந்த மீன் என்ன என்று பார்த்தால் நமது சூரை மீன்தான். அவித்து, புகை காட்டி, கட்டை மாதிரிக் காயவைத்து, சீவித் தூளாக்கிப் போடுகிறார்கள். மாசிச் சம்பல் சாப்பிட்டு வளர்ந்த எனக்கு அந்த வாசனை மூக்கில் ஏறியவுடன் வீட்டு ஞாபகம் வந்துவிட்டது, மாசியும் சூரையை அவித்துப் புகைபோட்டுக் காயவைப்பதுதானே. நூடில்ஸின் நுனியை மட்டும் சாறில் தொட்டு, சத்தம் வர உறிஞ்சிச் சாப்பிட வேண்டும், அங்கே அது மரியாதைக் குறைவு இல்லை, உறிஞ்சும்போதுதான் மணம் தெரியும் என்பார்கள். கடைசியில் நூடில்ஸ் அவித்த வெந்நீரைச் சின்னக் குடுவையில் கொண்டுவந்து வைப்பார்கள், மிஞ்சிய சாறில் அதை ஊற்றிக் குடித்தால் சாப்பாடு முடிந்தது. குளிர் நாளில் அந்தக் கடைசி மிடறு வயிறு வரைக்கும் சூடாக இறங்கும். மொத்தமாகப் பதினைந்து இருபது நிமிசம். காசைக் கொடுத்து, ஒரு கும்பிடு போட்டு, வெளியே வந்துவிடலாம். டிப்ஸ் கொடுக்கும் பழக்கம் கிடையாது.

நான் வெள்ளிக்கிழமைகளில் மரக்கறிதான் சாப்பிடுவேன். சாறில் மீன் இருக்கிறது என்று தெரிந்ததும், வெள்ளி என்றால் எனக்கு மீன் ஆகாது என்று போனில் மொழிபெயர்த்துக் காட்டினேன். அந்த அம்மா கணவரிடம் ஏதோ சொன்னார், அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, சாறுக்குப் பதிலாக ஒரு சின்னத் தட்டில் வெறும் உப்பும் துருவிய முள்ளங்கியும் வைத்துத் தந்தார். உப்பில் தொட்டுச் சாப்பிட்டபோதுதான் மாவின் ருசியே எனக்கு முழுதாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமையில் நான் கேட்காமலே அந்தத் தட்டு வரும். காத்தான்குடி, ஏறாவூர், கல்முனைப் பக்கத்திலிருந்து ஜப்பானுக்குப் போகும் முஸ்லிம் சகோதரிகளும் இதைக் கவனத்தில் வையுங்கள்: மிரின் மது சேர்ந்தது, அதனால் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது, உப்போடு தரச் சொல்லலாம்.

இது ஜப்பான், அங்கே எல்லாம் அப்படித்தான், நமக்குச் சரிவராது என்று சொல்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அங்கேயும் ஆதியிலிருந்து இப்படி இருக்கவில்லை. இன்றைய டோக்கியோவுக்கு முந்தைய பேர் எடோ. 1657இல் அந்த நகரத்தைப் பெருந்தீ ஒன்று அழித்தது, திரும்பக் கட்டுவதற்கு நாலா பக்கமிருந்தும் தச்சர்களும் கூலிகளும் வந்து குவிந்தார்கள், குடும்பம் இல்லாத அந்த ஆண்களுக்கு ஆறுதலாக இருந்தது தெருவோரச் சாப்பாடுதான். சொபாவும் அப்படி வளர்ந்த சாப்பாடு. தீட்டிய வெள்ளை அரிசியை மட்டும் சாப்பிட்டு எடோக்காரருக்குக் கால் வீங்கி ‘பெரிபெரி’ வந்த காலத்தில், சொபாவில் இருந்த விற்றமின் பி1 பலரைக் காப்பாற்றியது என்றும் சொல்வார்கள். ஆனால் இரவில் தோளில் சுமந்து திரிந்து விற்ற அந்தச் சொபாவைச் சாப்பிட்டவர்கள் பெரும்பாலும் ஆண்கள். ரயில் நிலையங்களில் நின்றபடி சாப்பிடும் சொபா கடைகளும் நீண்ட காலம் ஆண்களின் இடமாகத்தான் இருந்திருக்கின்றன, தான் இளம் பெண்ணாக இருந்தபோது அப்படி ஒரு கடைக்குள் தனியாகப் போக வெட்கப்பட்டதாக அந்த அம்மாவே சொன்னார். அது மாறியிருக்கிறது. கடைக்காரர்கள் கதிரையைப் போட்டார்கள், பெண்கள் வந்தார்கள், வந்த பிறகு அது பழகிவிட்டது.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். வாவிக்கு அந்தப் பக்கம் இருக்கும் படுவான்கரையிலிருந்து ஒரு பெண் கச்சேரி (மாவட்டச் செயலக) அலுவலாக மட்டக்களப்பு நகரத்துக்கு வருகிறார் என்று வையுங்கள். முன்னர் மண்முனைத் துறையில் பாதைப் படகுக்குக் காத்துக் கிடந்து வந்தார்கள். 2014இல் ஜப்பானின் உதவியில் மண்முனைப் பாலம் திறந்த பிறகு பஸ்ஸிலோ ஸ்கூட்டியிலோ நேரே வந்துவிடலாம். வந்தவர் காலையிலிருந்து வரிசையில் நிற்பார், கையெழுத்து வைக்கிற ஐயா சாப்பிடப் போய்விட்டார், இரண்டு மணிக்கு வாருங்கள் என்பார்கள். அந்த ஒரு மணித்தியாலத்தில் அவர் என்ன சாப்பிடுகிறார்? பெரும்பாலும் ஒன்றும் இல்லை. ஒரு பணிஸும் தண்ணிப் போத்தலும் வாங்கி மர நிழலில் நின்று சாப்பிடுவார், அல்லது வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம் என்று வயிற்றைக் கட்டிக்கொண்டு நிற்பார். போதனா வைத்தியசாலையில் பிள்ளையை வைத்துக்கொண்டு நிற்கும் தாய்மார், வந்தாறுமூலையிலிருந்து நகரத்துக்கு வரும் கிழக்குப் பல்கலைக்கழக மாணவிகள், கடையிலும் வங்கியிலும் வேலை செய்யும் பிள்ளைகள், எல்லோர் கதையும் ஏறத்தாழ இதுதான். காசு இல்லாமல் இல்லை, கடை இல்லாமலும் இல்லை.

நான் நகரத்தில் ஒரு கடைக்குள் அப்படித் தனியாகப் போனேன், பேர் வேண்டாம். வாசலில் நின்ற தம்பி மரியாதையாகத்தான் கேட்டார், “பார்சலா அக்கா?” என்று. இல்லை, இருந்து சாப்பிட வந்தேன் என்றேன். அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, முதலாளியைப் பார்த்தார், முதலாளி மேலே பார்த்தார், என்னை மாடியில் திரை போட்ட குடும்ப அறைக்கு அனுப்பினார்கள். ஆறு பேர் இருக்கும் மேசையில் நான் தனிய, ஃபேன் போடவில்லை, கூப்பிட்டால் கேட்க ஆளில்லை, சோறு வர அரை மணித்தியாலம். அந்தத் தம்பியிலும் முதலாளியிலும் எனக்குக் கோபம் இல்லை, அவர்கள் எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தார்கள். ஆனால் ஒரு பெண் சாப்பிடுவது மறைக்க வேண்டிய காரியம் இல்லை. அந்தத் திரை குடும்பமாக வருகிறவர்களுக்கு வசதியாக இருக்கலாம், முகம் மூடுகிற சகோதரிகளுக்குத் தேவையாகவும் இருக்கலாம், அது இருக்கட்டும். அதைத் தவிர வேறு இடமே இல்லை என்பதுதான் என் முறைப்பாடு.

இதில் எனக்கு மிகவும் கவலையான விசயம் இன்னொன்று இருக்கிறது. பின்னேரத்தில் நமது கடைகளில் விற்கும் இடியப்பத்தையும் பிட்டையும் அவிப்பது யார்? பெரும்பாலும் பெண்கள். அதிகாலையிலோ பகல் வெயிலிலோ அடுப்படியில் நின்று, உரலைப் பிழிந்து தோள் நோக, தட்டுத் தட்டாக அவித்து, பெட்டியில் அடுக்கிக் கடைக்கு அனுப்புகிறார்கள். யுத்தமும் 2004 சுனாமியும் ஆண் துணையைப் பறித்த எத்தனையோ வீடுகள் இந்த மாவட்டத்தில் அந்த இடியப்பத்தில்தான் பிள்ளைகளைப் படிப்பித்தன. அவர்கள் அவித்த இடியப்பத்தை மேசையில் இருந்து சொதி ஊற்றிச் சாப்பிடுகிறவர்கள் ஆண்கள். அவித்தவர் நகரத்துக்கு ஒரு அலுவலாக வந்தால் அதே கடையில் இருந்து சாப்பிட அவருக்கு இடமில்லை. இதை எழுதும்போதே எனக்கு மனம் பொறுக்கவில்லை.

கடைக்காரர்கள் சொல்லும் பதில் எனக்குத் தெரியும், பெண்கள் தனியாக வருவதில்லையே, வராத ஆளுக்கு எதற்கு இடம் என்பார்கள். வரமாட்டார்கள்தான், இருக்க இடமில்லாத இடத்துக்கு யார் வருவார்கள். இடம் போதாது என்ற பதிலையும் நான் ஏற்கமாட்டேன். தனியாக வருகிறவர் நாலு பேர் மேசையைப் பிடித்துக்கொண்டால் வியாபாரம் கெடும் என்பது உண்மை, அதனால்தான் அந்தச் சொபா கடையில் நீளப் பலகை போட்டிருந்தார்கள். சுவரோரமாக ஒன்றரை அடி அகலத்தில் ஒரு பலகை அடித்து நாலைந்து ஸ்டூல் வைத்தால் போதும், நாலு பேர் மேசை பிடிக்கும் இடம்கூட அதற்குத் தேவையில்லை. தனியாக வருகிறவர் கதை பேசிக்கொண்டு இருக்கமாட்டார், சாப்பிட்டார், எழும்பினார், அடுத்த ஆளுக்கு இடம் வந்துவிடும். பெண்களுக்கு மட்டும் என்று போர்டு போடவும் வேண்டாம். மனைவியை இழந்து தனிய இருக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள், வெளி மாவட்டத்திலிருந்து வேலைக்கு வந்து அறையில் தங்கியிருக்கும் பொடியன்மார் இருக்கிறார்கள், அவர்களும் அந்தப் பலகையில் இருக்கட்டும். பெண்ணைத் தனியாகப் பிரித்து வைக்காமல் எல்லோரோடும் ஒருவராக இருந்து சாப்பிட விட்டால், பார்க்கிறவர்களும் கொஞ்ச நாளில் பார்ப்பதை விட்டுவிடுவார்கள்.

அப்புறம், விலையைச் சுவரில் பெரிதாக எழுதிப் போடுங்கள். தனியாக வருகிறவருக்கு ‘எவ்வளவு வருமோ’ என்ற பயம் பெரிய பயம். கை கழுவும் இடம் குசினிக்குப் பின்னால் இருட்டுக்குள் இருக்க வேண்டாம், கழிப்பறைக் கதவுக்குக் கொண்டி இருக்க வேண்டும். பரிமாறும் இடத்தில் ஒரு அக்காவையாவது வேலைக்கு வைத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். வடக்கில் பெண்களே சமைத்துப் பெண்களே பரிமாறும் ‘அம்மாச்சி’ உணவகங்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும், கண்முன்னால் தோசை வார்க்கிறார்கள், பிட்டு அவிக்கிறார்கள், யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் பெண்கள் தயங்காமல் போய்ச் சாப்பிடுகிறார்கள். நம்மிடம் சிவப்பரிசி மா இடியப்பம் இருக்கிறது, குரக்கன் பிட்டு இருக்கிறது, வாவி இறால் இருக்கிறது, எருமைத் தயிர் இருக்கிறது. பாசிக்குடாவுக்கும் அறுகம்பைக்கும் தனியாகப் பயணம் வரும் வெளிநாட்டுப் பெண்களும் அப்படி ஒரு கடையைத் தேடித்தான் வருவார்கள், ஆனால் நான் முதலில் கேட்பது நமது பெண்களுக்காக.

இன்னொரு விசயமும் இருக்கிறது. 2019இல் ஜப்பான் தொடங்கிய விசேட திறன் தொழிலாளர் விசாவில் முதியோர் பராமரிப்பும் உணவகத் தொழிலும் அடங்கும், அதற்காக நமது பிள்ளைகளும் இப்போது மொழி படிக்கிறார்கள். போகிற பிள்ளைகளில் பெண்களும் இருக்கிறார்கள். அங்கே சம்பளம் எடுத்த அன்றைக்குத் தன் காசில் தனியாக ஒரு கடைக்குள் போய்ச் சாப்பிட்டு வந்த பிள்ளை, ஊருக்குத் திரும்பி வந்து மாடித் திரைக்குப் பின்னால் இருக்கச் சம்மதிக்குமா? நான் சம்மதிக்கவில்லை.

மாநகர சபையிடமும் ஒரு வேண்டுகோள். பஸ் நிலையத்துப் பக்கத்திலோ வாவிக்கரையிலோ கடை அறைகளைக் குத்தகைக்குக் கொடுக்கும்போது, ஒரே ஒரு அறையையாவது இடியப்பம் அவிக்கும் பெண்கள் சேர்ந்து நடத்தும் கடைக்கு ஒதுக்கிப் பாருங்கள், முதல் ஒரு வருடத்துக்கு வாடகையைக் குறைத்துக் கொடுங்கள். கல்முனை, அக்கரைப்பற்றுச் சபைகளும் இதை யோசிக்கலாம். அப்படி ஒரு கடை திறந்தால் மதியச் சாப்பாட்டுக்கு நானும் என் அலுவலகத்துப் பெண்களும் கட்டாயம் வருவோம், காசு கொடுத்துத்தான் சாப்பிடுவோம். இப்போதே கடை வைத்திருக்கும் முதலாளிமாரில் யாராவது சுவரோரம் அந்தப் பலகையை அடித்தால், தயவுசெய்து இந்தப் பத்திரிகைக்கு இரண்டு வரி எழுதி அறிவியுங்கள், வாசிக்கும் பெண்களுக்கு எங்கே போகலாம் என்று தெரியட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கல்லடி, மட்டக்களப்பு.